டிவிக்குள் வந்த கொழுந்தன்

ஆமத்தூர் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், குல்சார் பேகம் 2008 மே மாத நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் கணவர் அபுதாஹிருக்கு எழுதினாள்.

"ரய்யான் அத்தா, மீன் ஆணம் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

உங்க தம்பி ஜலால் ஷார்ஜாவுல இருந்து அனுப்புன, டிவியில மாட்டுற விளையாட்டுப் பெட்டியில, அவரு பெட்டியோட நம்பர நானும் நம்ம மவன் ரய்யானும் போட்டோம். நம்ம நம்பர அவரு அங்கன போட்டாரு. ரெண்டு பக்கமும் போட்டாத்தான் பிரெண்டா சேக்குமாம், நிக்காஹ்வுல ரெண்டு பேரும் சம்மதம்னு கபூல் சொல்ற மாதிரி. சேந்ததும் அவரு முகச்சாடையில ஒரு பொம்மை நம்ம டிவிக்குள்ள நடந்து வந்து கையாட்டுச்சு! நான் பதறிப்போயி முக்காட்ட இழுத்துவிட்டு சலாம் சொல்லிட்டேன். கடலுக்கு அங்கிட்டு இருந்து, எம்புட்டுத் தூரம், அல்லாவே!"

கடையைப் பங்கு பிரித்ததிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை. செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

"ரெண்டாவது ரிமோட்டுக்கும் பேட்டரி போட்டிருக்கேன். மூணு வருசம் கழிச்சு வீட்டுக்கு வந்தவர, கோவத்துல பெட்டியில இருந்து அழிச்சிராதீக. பேச வேணாம். அவரோட விளையாடுங்க, போதும்."