பெற்றோலைப் பூட்டும் கை

மே 4, ஞாயிறு

செயினுக்கு எண்ணெய் விட்டேன். முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, பிறகுதான் எண்ணெய். ஊத்தைக்கு மேலே எண்ணெய் விட்டால் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து செயினை அரைத்துத் தின்றுவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடல் தாண்டி ஆள் ஏற்றும் மூதூர் லோஞ்சில் வேலை செய்த காலம் முழுக்க மற்றவர்களின் மோட்டார் சைக்கிள்களைத் தூக்கி ஏற்றியும் இறக்கியும் பார்த்து அறிந்தது. ஒன்றிலாவது ஏறி ஓடியதில்லை. இப்போது அறுபத்தேழு வயதில் எனக்கென்று ஒரு பழைய சிவப்பு வண்டி வாசலில் நிற்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் ‘எல்’ போட். எழுத்துப் பரீட்சை பாஸ். ஓடிக்காட்டும் ட்ரயல் இருபதாம் திகதி.

எழுத்துப் பரீட்சை! இதை எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. போன வருசம் இந்த நேரம் குலசிங்கம் என்று என் பெயரை எழுதத் தெரியாது. றம்ஸியா ரீச்சர் மாலை வகுப்பில் சொன்னார், “ஒவ்வொரு நாளும் ஏதாவது எழுதுங்க ஐயா, ஒரு வரி எண்டாலும் சரி.” இந்தப் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போனது. பரவாயில்லை. ஆறின தேத்தண்ணியையும் குடிக்கலாம்.

மே 6

பேத்திக்கு இன்று பத்தாம் நாள்.

மகள் லக்சனா சம்பூரில். நானும் மனிசி கமலமும் லிங்கநகரில். பிள்ளை பிறந்த அன்று, நோ கண்டுவிட்டது, மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று விடியும்போது போன் வந்தது. கமலத்தின் தமையன் மகன் வானில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். “இந்தா வாறன் மாமி, இந்தா வாறன்.” கமலம் பையோடு படலையில் நின்றாள். வெயில் ஏறி, அவள் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, துடைத்து, துணியில் சுற்றியும் ஆயிற்று. லக்சனா கேட்டது ஒன்றுதான். “ஏனம்மா பிந்தினீங்கள்?”

கமலம் வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சொன்னாள். “இனி ஒருத்தரிட்டயும் வாகனம் கேக்க மாட்டன்.”

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்கு நான் கொண்டுபோறன் என்றேன்.

“லைசென்ஸ் எடுங்கோ, ஏறுறன். ‘எல்’ போட் வண்டியில ஆளை ஏத்தக்கூடாது எண்டு நீங்கள்தானே புத்தகத்தை வாசிச்சுக் காட்டினீங்கள்.”

வாசிக்கப் பழகினதால் வந்த வினை.

மே 8

உப்புவெளிப் பக்கம் ஓடிப் பழகப் போனேன். இரண்டு வளைவு தாண்டவில்லை, வண்டி இருமியது. பிறகு நின்றது. உதைத்தேன், உதைத்தேன், முழங்கால் நொந்ததுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றினேன். நுனி நல்ல தேத்தண்ணி நிறம். அப்படித்தான் இருக்கவேண்டும், கறுத்திருந்தால்தான் பயம். தாங்கியை ஆட்டினேன். உள்ளே பெற்றோல் சளசளத்தது. வேறு என்ன?

உட்துறைமுக வீதியில் இக்ராமின் கராஜ் வரைக்கும் தள்ளினேன். வழியில், ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு குப்பைத்தொட்டியடியில் நின்று என்னையே பார்த்தன.

இக்ராம் குந்தியிருந்து பார்த்தான். தாங்கிக்குக் கீழே, இடப் பக்கம், எஞ்சினுக்குப் பெற்றோலை விடும் பைப்பை ஒரு விரலால் திருப்பினான். ஒரு உதை. ஓடியது.

“பைப் பூட்டிக் கிடக்கு ஐயா. உள்ளுக்குக் கிடந்த கொஞ்சத்திலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்க.”

“நான் பூட்டேல்லை. வழியில ரெண்டு மானைத் தவிர வேற ஒருத்தரையும் காணவும் இல்லை.”

“அப்ப மான்தான் பூட்டியிருக்கும்.”

மே 9

யார் பூட்டியிருப்பார்கள்?

மே 11

இன்றும் அதே மாதிரி. இன்றும் பைப் பூட்டிக் கிடந்தது.

பக்கத்து வீட்டுத் தவராசாவில் எனக்குச் சந்தேகம். வண்டி வாங்கிய நாள் தொடக்கம் அந்த ஆளுக்கு ஒரே பகிடி. “இந்த வயசில எட்டுப் போடப் போறீரோ?” என்று வேலிக்கு மேலால் கேட்ட ஆள். போய்க் கேட்போமா? கொடியில் கிடந்த சேட்டைப் போட்டேன். கழற்றினேன். திரும்பவும் போட்டேன்.

மே 12

தவராசாவிடம் போகாதது நல்லதாய்ப் போயிற்று.

காலையில் ஒரு சுற்று ஓடி வந்து வண்டியை நிறுத்தினேன். கமலம் கதிரையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அப்பிடியே நில்லுங்கோ, அசையாதேங்கோ” என்றாள். நின்றேன்.

“இப்ப உங்கட இடக்கையைப் பாருங்கோ.”

பார்த்தேன். என் கை பைப்பில் இருந்தது. பூட்டியும் முடிந்திருந்தது.

“எத்தினை நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன். வண்டி நிண்ட உடன கை தன்ரபாட்டில கீழ போகுது.”

லோஞ்சில் வண்டிகளை ஒன்றோடொன்று சாய்த்துத்தான் அடுக்குவோம். கடல் ஆட்டும். பைப் திறந்து கிடந்தால் பெற்றோல் கசிந்து தட்டெல்லாம் ஓடும், பக்கத்தில் சூடான எஞ்சின். அதனால் ஏறும்போதே “பெற்றோலைப் பூட்டு, பெற்றோலைப் பூட்டு” என்று கத்துவேன். கத்திவிட்டு, ஆட்களை நம்பாமல் என் கையாலேயே பூட்டுவேன். எத்தனை ஆயிரம் வண்டி! கை அதைப் படித்து வைத்திருக்கிறது. எனக்கு எழுத்துப் படிக்க ஒரு வருசம் பிடித்தது. கைக்கு இதை மறக்க எத்தனை வருசம் பிடிக்கும்? ட்ரயலுக்கு ஒரு கிழமைதான் கிடக்கு.

மே 13

இக்ராமிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “இரவில பூட்டி வைக்கிறது நல்லதுதான் ஐயா, பழைய வண்டி கசியும். பூட்டினாத் திறக்கவும் வேணும், அவ்வளவுதான்.”

வீட்டுக்கு வந்து ஒரு கடதாசியில் பெரிதாக ‘திற’ என்று எழுதித் தாங்கிக்கு மேலே ஒட்டினேன். ஒட்டிவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தேன். பிறகு இன்னும் தூரத்தில் நின்று பார்த்தேன். வகுப்புக் கொப்பிக்கு வெளியே, ஒரு வேலைக்காக நான் எழுதின முதல் சொல்.

கமலம் சொன்னாள், “குசினிக் கதவிலயும் ‘பூட்டு’ எண்டு ஒண்டு ஒட்டுங்கோ. பூனை வருது.”

ஒட்டினேன்.

மே 16

எட்டுப் போட்டுப் பழகினேன். முன்சில்லைப் பார்த்தால் விழத்தான் வேண்டும். போகிற இடத்தைப் பார்க்கவேண்டும், கண் போகிற பக்கம் வண்டி போகும். கிளச் பாதி, பின் பிறேக்கில் காலை இலேசாக வைத்தபடி. முன் பிறேக்கை வளைவில் தொடவே கூடாது.

எட்டு எழுதும்போது பென்சிலைத் தூக்காமல் எழுதுங்க என்று றம்ஸியா ரீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. இதில் காலைக் கீழே வைக்காமல் எழுதவேண்டும்.

மே 19

நாளைக்கு ட்ரயல். இருக்க முடியவில்லை.

வண்டியைக் கழுவினேன். கடற்காற்று ஊருக்கு நல்ல தண்ணீரால் கிழமைக்கு ஒருக்காலாவது கழுவாவிட்டால் ஆணியெல்லாம் உப்பு ஏறி இறுகிப்போகும். எஞ்சின் ஆறின பிறகு கழுவினேன். துடைத்தேன். ரயர் காற்றை அமத்திப் பார்த்தேன், சரி. பிறேக் கம்பியை இழுத்துப் பார்த்தேன், சரி. திரும்பவும் ரயரை அமத்திப் பார்த்தேன்.

“அதை விடுங்கோ, பாவம்” என்றாள் கமலம்.

வண்டியைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியவில்லை.

மே 20

பெயில்.

கழுவினதில் கடதாசி உரிந்துபோனது. நான் கவனிக்கவில்லை. வரிசையில் நின்றபோது எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்தினால் இந்தக் கை சும்மா இருக்குமோ? என்ர முறை வந்தது, ஸ்ராட் பண்ணினன், ஓடினன், முதல் வட்டம் வடிவாப் போட்டன். ரெண்டாவது வட்டத்தில வண்டி இருமிச்சுது. எனக்கு உடன விளங்கிற்றுது. கை கீழ போக முதல் கால் நிலத்தில. கால் வைச்சா முடிஞ்சுது.

“அடுத்த முறை வாங்க ஐயா” என்றார் பரீட்சகர். நல்ல மனிதர். அதுதான் இன்னும் கஷ்டமாயிருந்தது.

அடுத்த திகதி ஜூன் 12. பேத்தியின் முப்பத்தோராம் நாள் மே 27. இனி என்ன கணக்குப் பார்க்க இருக்கிறது.

கமலம் சாப்பாடு போட்டாள். வழமையைவிட ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தாள். இதற்கு ஏசியிருக்கலாம்.

மே 21

எழுத மனமில்லை.

மே 27

விடியற்காலை பஸ்ஸில் போனோம். கமலம் யாரிடமும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவிடவில்லை. கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூரில் இறங்கி, அடுத்த பஸ்சுக்கு வெயிலில் நின்று, சம்பூர்ச் சந்தியில் இருந்து பலகாரப் பெட்டியைத் தோளில் வைத்து நடந்தோம்.

பேத்தியை மடியில் தந்தார்கள். என் இடக்கைச் சுண்டுவிரலைப் பிடித்தாள். அந்தக் கையையா பிடிக்கவேண்டும்?

சாப்பிட்டுக் கை கழுவியதும் கடைசி பஸ்சை நினைத்து வெளிக்கிட வேண்டியிருந்தது. பிள்ளை நித்திரை. கமலம் வாசல் வரை வந்து, திரும்பவும் உள்ளே போய், தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஜூன் 1

இன்றைக்கு ஒன்று விளங்கிற்று. பூட்டுவதைக் கை மறக்கப் பண்ண ஏலாது. திறப்பதையும் பழக்கவேண்டும். உதைக்க முதல் ஒவ்வொரு முறையும் கை கீழே போய்ப் பைப்பைத் தொடவேண்டும். திறந்து கிடந்தாலும் தொடவேண்டும்.

எஞ்சினை ஓடவிடாமல் முற்றத்தில் இருந்து பழகுகிறேன். ஏறு, குனி, தொடு, உதை. இறங்கு. ஏறு, குனி, தொடு, உதை.

தவராசா வேலியில் வந்து நின்றார். “என்ன, கோழிக்குத் தீன் போடுறீரோ?”

“ஓம், நீரும் வாரும்” என்றேன். சிரித்துக்கொண்டு போனார். நல்ல மனுசன்தான்.

ஜூன் 12

பாஸ்.

ஜூன் 17

‘எல்’ போட்டைக் கழற்றி ஐந்து நாளாகிறது. கமலம் இன்னும் ஏறவில்லை. ஏறச்சொல்லி நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன? இல்லை, கேட்கமாட்டேன்.

பின்னால் ஆள் ஏறுவதென்றால் பின் ரயருக்குக் கொஞ்சம் கூடக் காற்று வேண்டும். அடித்தேன். பின்னுக்குக் கால் வைக்கும் கட்டையின் ஆணியை இறுக்கினேன். சீலைத்தலைப்பு சில்லுக்குள் போகாமல் காக்கும் வலை ஒன்றை இக்ராம் பூட்டித் தந்தான்.

கமலம் வந்து அந்த வலையைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். “பிள்ளையைப் பாக்கவேணும்போல கிடக்கு. வெளிக்கிடுங்கோ.”

விசேசம் ஒன்றும் இல்லை. திகதியும் பார்க்கவில்லை. சேட்டைப் போட்டேன், கழற்றவில்லை.

முதல் ஓட்டத்திலேயே பாலங்கள் எல்லாம் சுற்றிப் போகவேண்டாம், லோஞ்சில் ஏற்றிக்கொண்டு போய் மூதூரில் இருந்து ஓடுவோம் என்றேன். கடலும் வாய்க்கால் மாதிரிக் கிடந்தது. என்னோடு வேலை செய்த பக்கீர்தான் இன்னும் தட்டில் நிற்கிறான். வண்டியைப் பிடித்துச் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

“குலசிங்கம், பெற்றோலைப் பூட்டு.”

நான் பூட்டவில்லை! முதல் தடவையாக, பூட்டவேண்டிய இடத்தில், கை சும்மா இருந்திருக்கிறது.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் மச்சான்” என்று பக்கீரே பூட்டினான். “கத்திக் கத்தி எங்கட காதைச் செவிடாக்கின ஆளுக்கு நான் சொல்லவேண்டிக் கிடக்கு.” கமலம் வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

லோஞ்சின் பக்கத்தில் ஒரு பழைய பலகை. இத்தனை காலமும் அது எனக்கு வெறும் பலகை. இன்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘இதில் சாய்ந்து நிற்க வேண்டாம்.’ நான் வேலை செய்த காலம் முழுக்கச் சாய்ந்து நின்ற இடம்.

மூதூரில் இறங்கி, கமலத்தின் ஹெல்மெட் பட்டியைக் கொளுவிவிட்டேன். அவள் ஏறிப் பக்கவாட்டில் இருந்து என் தோளில் கை வைத்தாள். ஏறு, குனி, தொடு — எல்லாம் மறந்துபோனேன். உதைத்தேன். ஓடினோம். கடைத்தெரு தாண்டியதும் வண்டி இருமியது.

நான் விளங்கிக்கொள்ள முதல், பின்னாலிருந்து ஒரு கை என் முழங்காலுக்குப் பக்கத்தால் கீழே போய்ப் பைப்பைத் திருப்பியது. வண்டி இன்னும் ஒருக்கால் இருமிவிட்டுச் சீராக ஓடத்தொடங்கியது.

“ம். போங்கோ” என்றாள்.

லக்சனா கிணற்றடியில் நின்றாள். எங்களைக் கண்டதும் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள். “என்னம்மா திடீரெண்டு? என்ன விசேசம்?”

“ஒண்டுமில்லை” என்றாள் கமலம், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. “சும்மா வந்தனாங்கள்.”

பேத்தி நித்திரை. எழும்பும் வரைக்கும் இருந்தோம்.