ரோத்தான் குச்சிகள்

ஏழில் மூன்று போனால் எத்தனை என்று மகள் திணறியதற்காக, நேற்று மகேஸ்வரன் ரோத்தானால் அவள் காலை விளாசியிருந்தான். விடிவதற்குள் அவன் மனைவி ஷர்மினி அந்தப் பிரம்பை இறைச்சிக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டித் தள்ளினாள். பிறகு தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்:

"தர்ஷிகா அப்பாவுக்கு,

மீன் கறி அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்குங்க. கேஸ்காரன் வருவான், கேட் சாவி ஷூ ரேக்குல. பாப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கு, ஸ்கூல் வேணாம். பக்கத்து வீட்டு பிரேமளா அக்காகிட்ட விட்டுட்டுப் போறேன்.

மேசையில இருக்கிற குச்சிங்க உங்க ரோத்தான்தான். முனையைத் தேய்ச்சு, பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டிருக்கேன். சாயந்தரம் என் முன்னாலேயே சொல்லிக் குடுங்க. ஏழு குச்சி வைங்க, மூணை அவளே எடுக்கட்டும், மிச்சத்தை அவளே எண்ணட்டும். கத்தக் கூடாது."

தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நுணுக்கி எழுதினாள்:

"இன்னொரு ரோத்தான் வாங்கிட்டு வந்தீங்கன்னா உங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கு. இந்த வீட்டுல மூணு பேர். ரெண்டு பேர் கிளம்பிட்டா மிச்சம் எத்தனை? அதை எண்ணக் குச்சி வேணாம்."