நோட்டில் எழுதிய பெயர்

அம்மா,

நேற்று தண்டையார்பேட்டையில் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போயிருந்தேன். நம் பழைய போனில் பொத்தான்கள் அழுந்தவில்லை. கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்தார். அதனடியிலிருந்து ஒரு மீன் செதில் கண்ணாடி மேசைமேல் விழுந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் ஊதித் தள்ளுவதற்குள் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பேரு, நம்பர் எழுதுங்க" என்று ஒரு நீள நோட்டை நகர்த்தினார். என் கை அப்படியே நின்றுவிட்டது.

காசிமேட்டில் நம் தெருமுனை ரீசார்ஜ் கடையிலும் இதே போன்ற நோட்டுதான். போன் வாங்கிய புதிது. மற்றவர்கள் எண்ணை மட்டும் கிறுக்கிவிட்டுப் போனார்கள். நானோ படிவம் நிரப்புவதுபோல் இனிஷியலோடு பெயரை எழுதி, பக்கத்தில் பி.காம். என்றும் எழுதினேன். நம் வீட்டில் யாருடைய பெயருக்கும் பின்னால் அதுவரை எதுவும் வந்ததில்லை.

மூன்றாம் நாள் ஓர் ஆண் குரல் கேட்டது. "இன்னா பி.காம்., இன்னிக்கு பச்ச சுடிதாரா?"

குனிந்து பார்த்தேன். பச்சைதான். வேலை விண்ணப்பத்தை விட்டால், எண்ணையும் பட்டத்தையும் சேர்த்து நான் எழுதிய இடம் அந்த நோட்டு ஒன்றுதான்.

போனை அணைத்துவிடலாம் என்றால் முடியாது. பாரிமுனையில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் நேர்காணலுக்குப் போய்வந்திருந்தேன். பத்து நாளுக்குள் அழைப்போம், எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவனோ ஒவ்வொரு முறையும் காசு போட்டுப் பேசும் ஒவ்வொரு காயின் போனிலிருந்து அழைத்தான். திரையில் தெரியும் எண் அவனா, அலுவலகமா என்று தெரியாது. காயின் போன் தொங்கும் பெட்டிக்கடையைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடப்பேன்.

கஸ்டமர் கேருக்கு அழைத்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டு, மறுபடி ஏதோ ஒன்றை அழுத்திக் கடைசியில் ஒரு பெண் வந்தார். சரிபார்க்க வேண்டும் என்று பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. யாரோ ஒருவன் என்னைக் கவனிக்கிறான் என்று சொல்வதற்காக, அவன் எங்கே நிற்கிறானோ என்ற பயத்தோடு, தெருவில் நின்று கதவு எண்ணைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அதைத் தடுக்க வசதி இல்லை மேடம், நம்பரை மாத்திக்கோங்க. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றார்.

உன்னிடம் சொல்லவும் பயம். அண்ணன் காதுக்குப் போனால் போனும் போகும், வேலையும் போகும். ஆனால் ஆறாம் நாள் நீயே கேட்டாய்.

"இன்னாடி, போன் அடிச்சா பல்லி மாறி செவுத்துல ஒட்டிக்கினு கீற?"

அழுதுகொண்டே சொன்னேன். நீ திட்டவில்லை. எண்ணை மாற்றச் சொல்லவும் இல்லை. "எடுத்தவொடனே நீ பேசாத. அவன் பேசட்டும். யாருன்னு தெரிஞ்சப்பொறம் வாயத் தெற" என்றாய். பிறகு போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டாய்.

அன்று அவன் மூன்று முறை அழைத்தானாம். "சொல்லு நைனா, சங்கரா மீனு ஒரு கிலோ வோணுமா, ரெண்டு கிலோவா?" என்று கேட்டாயாம். அடுத்த முறை உன் பக்கத்துக் கூடைக்காரிகள் வரிசையாக வாங்கி விலை சொன்னார்களாம். நீ சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தார் அழைத்தாலும் சங்கரா விலைதானே கேட்கும்?

ஒன்பதாம் நாள் நீ தெருவில் ஓடி வந்தாய். கூடை இல்லை. செருப்பும் இல்லை. செதில் ஒட்டிய கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாய். காதைவிட்டு எடுத்தால் இணைப்பு போய்விடுமோ என்று மார்க்கெட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறாய்.

"பொம்பள கொரலு. என் பேர கேக்கல, உன் பேர கேட்டாங்க. பேசு."

நான் முதலில் பேசவில்லை. மறுமுனையில் ஒரு பெண், "அம்மா இவ்வளவு தூரம் ஓடி வந்தாங்களா? மூச்சு இரைக்கிறது எனக்கே கேட்டுச்சு" என்றார். பிறகு திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அழைப்புகள் மெல்லக் குறைந்து நின்றன. நான் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். தெரியாத எண் வந்தால் இன்னமும் நான் முதலில் பேசுவதில்லை. எடுத்துக் காதில் வைத்து, எதிர்க்குரலுக்காகக் காத்திருக்கிறேன்.

நேற்று அந்த நோட்டில் எண்ணை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை நானே வருகிறேன் என்றேன். பேராவது வேண்டும் என்றார். 'மீன்காரம்மா' என்று எழுதினேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருங்க அது? உங்களப் பாத்தா அப்டித் தெரியலியே" என்றார்.

செதிலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.