படிவத்தில் எழுதிய வீட்டுப் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? எண்ணெய் பூசாமல் படுத்திருப்பீர்கள், தெரியும். நான் நல்ல சுகம். இங்கே ஏவன்டேல் என்ற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் திங்கட்கிழமை வேலை தொடங்கிவிட்டேன்.

எல்லாம் முடிந்ததால் இப்போது சொல்கிறேன், பயப்படாதீர்கள். அந்த வேலைக்குப் பொலிஸ் சோதனைப் படிவம் நிரப்ப வேண்டும். ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில், எதையும் ஒளிக்கக் கூடாதென்று, நீங்கள் கூப்பிடும் ‘வவா’வையும் எழுதிவிட்டேன். என் அகதி விண்ணப்பத்தில் அந்தப் பெயர் இல்லையாம். அப்போது மறைத்துவிட்டேன் என்று சந்தேகப்பட்டு, குடிவரவு அலுவலகத்தார் என் படிவத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார செல்வநாயகி அக்காதான், “ஏன் பேசாமல் இருக்கிறாய்? எழுதிக் கேள். அவை பதில் சொல்லத்தான் வேணும்,” என்றா. கேட்டேன். மேலதிகாரியின் கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதம் வந்தது. வீட்டுப் பெயரை அன்றைக்கே கேட்காதது தங்கள் பிழையாம். இனிமேல் கேட்கும்படி, விசாரிக்கும் அதிகாரிகளின் வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம். ஒரு அரசாங்கம் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது, அம்மா!

வருகிற யாரிடமாவது வேப்பம்பூ வடகம் கொடுத்துவிடுங்கள்.

படிவம் நின்றுபோன பயத்தில்தான் போனில் ‘வவா’ என்று கூப்பிட வேண்டாம் என்றேன். நீங்களும் ஏனென்று கேட்கவில்லை. ரயில் வருகிறது, முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது பழையபடி ‘வவா’ என்றே கூப்பிடுங்கள். இந்த ஊரில் அந்தப் பெயர் அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள்
வவா