ஹியரிங் என்றால் விசாரணையா

செவ்வாய் இரவு, பென்டில் ஹில்

இன்று சட்ட ஆங்கில வகுப்பில் 'ஹியரிங்' என்ற சொல் வந்தது. நான் 'விசாரணை' என்று எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கொலம்பியாக்காரி மரியானா, ஸ்பானிஷில் அதற்கு 'அவுதியென்சியா' என்றாள். அதுவும் காதால் கேட்பதிலிருந்து வந்த சொல்தானாம். தமிழில் எதிலிருந்து வந்தது என்று கேட்டாள். பார்த்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

திரும்பும்போது ஸ்டேஷனில் அம்மாவின் ஊர்க்காரர் செல்வம் அங்கிளைக் கண்டேன். அவருடைய அகதி வழக்கு வியாழக்கிழமை தீர்ப்பாயத்துக்கு வருகிறது.

"வியாழன்தானே விசாரணை, அங்கிள்?"

அவர் முகம் செத்துப்போனது.

"விசாரணை எண்டுதான் ஊரில ஆமிக்காரங்கள் என்ர தம்பியையும் கூட்டிக்கொண்டு போனவங்கள். அந்தச் சொல்லை விடும், பிள்ளை."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இஞ்ச அது ஹியரிங், அங்கிள். நீங்கள் சொல்லுறதை அவை இருந்து கேப்பினம்."

"கேப்பினமோ?" என்றார். எனக்கு அது எப்படித் தெரியும்? ஓம் என்று தலையாட்டினேன்.

அவருடைய ரயில் வந்தது. ஏறும்போது திரும்பி, "அம்மாவை விசாரிச்சதாச் சொல்லும்" என்றார்.

அதே சொல். அவர் கவனிக்கவே இல்லை. இதை நாளைக்கு மரியானாவுக்கு எந்த மொழியில் சொல்வேன்?