கஜேந்தினி ஓடிய இருபத்தொரு கிலோமீற்றர்

பரந்தன்,
வியாழக்கிழமை பின்னேரம்.

அன்பு மகன் ஜனகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வற்றாப்பளை அம்மாளின் காவலில் அப்பா, நான், உன் மனைவி கஜேந்தினி, பிள்ளை தேனுகா நான்கு பேரும் குறையில்லாமல் இருக்கிறோம். கட்டாரில் உன் உடம்பும் மனமும் அப்படியே இருக்க வேண்டும். மனம் இப்போது அப்படி இல்லை என்று தெரியும், அதற்குத்தான் இந்தக் கடிதம். கையில் போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று தொடங்கினால் நீ நடுவில் பாய்ந்து மூன்று சொல்லுவாய், பிறகு நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். லீவில் வந்த சஜீவன் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறான், அவன் கையில் இதையும் மிளகாய்த்தூளையும் பயற்றம் உருண்டையையும் கொடுத்து விடுகிறேன். உருண்டை கஜேந்தினி பிடித்தது, அதனால் கொஞ்சம் பெரிது.

வயல் வெட்டி முடிந்தது. இந்த முறை வெட்டுகிற நேரம் மழை வராததே பெரிய காரியம். பூநகரி றோட்டுக் கரை நெடுக நெல் காயப் போட்டிருக்கிறார்கள், எங்களுடையதும் அதில் கிடக்கிறது, அப்பா காலையில் போய்க் கிளறிவிட்டு மத்தியானம் வருகிறார். முழங்கால் நோகிறது என்று எண்ணெய் தேய்க்கிறார், ஆனால் சைக்கிளை மட்டும் விடமாட்டார். தேனுகாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடினால் காற்றுத்தான் வருகிறதாம், ரீச்சரே சிரித்துவிட்டாவாம். உன்னிடம் வீடியோவில் காட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு திரிகிறாள். நீதான் போன் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நடந்த அரை மரதன் படத்தை யாரோ முகநூலில் போட, அதில் மார்பில் நம்பர் குத்திக்கொண்டு கஜேந்தினி ஓடுவதை நீ பார்த்துவிட்டாய். 'ஓட வேண்டாம் என்று நான் சொல்லியும் ஓடியிருக்கிறாளே' என்று நீ நினைத்திருப்பாய். மகன், அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை, பிழை முழுக்க என்னுடையது. ஒரு பிழை உனக்குத் தெரியும், மற்றது தெரியாது. இரண்டையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

புரட்டாதியில் முன்பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்கு விளையாட்டு ஆசிரியர் தயாபரன் வந்து, மாசியில் பரந்தனில் ஓர் ஓட்டப் போட்டி வைக்கப்போகிறோம், பெண்களும் ஓடலாம், தூரம் இருபத்தொரு கிலோமீற்றர் என்று சொல்லியிருக்கிறார். கூட்டத்தை நடத்திய ரீச்சர் உன் மனைவி. ஒரு தாயும் கை உயர்த்தவில்லையாம், கடைசியில் தானே உயர்த்திவிட்டு வந்துவிட்டாள். அவள் பதினாறு வயதில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் மாகாணத்துக்குத் தெரிவானது உனக்குத் தெரியும். அந்த வருடம் யுத்தத்தில் எங்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்றும் தெரியும், போட்டியே நடக்கவில்லை. அதன்பிறகு நாங்கள் எல்லோரும் ஓடினோம்தான், சட்டியும் பாயும் பிள்ளையுமாக ஓடினோம், அது நிற்க முடியாத ஓட்டம். இது வேறு, நினைத்தால் நிற்கலாம். அந்த வித்தியாசம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

விடிய நாலரைக்கு எழும்பி, பால் கறந்து வைத்துவிட்டு வாய்க்கால் கட்டின்மேல் ஓடுவாள். மாரி மழையிலும் ஓடினாள், சேறு முழங்கால்வரை. நான் பார்த்தும் பாராததுபோல இருந்தேன். மார்கழியில் ஒருநாள் சங்கக்கடை வரிசையில் நிற்க ஒருத்தி எல்லோருக்கும் கேட்க, "விமலேஸ்வரி அக்கா, உங்கட மருமகள் விடியவெள்ளென ஆரைத் துரத்துறா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அன்று பின்னேரம் நீ போன் எடுத்தபோது, சனம் கதைக்கிற மாதிரி உன் பெண்சாதி றோட்டில் ஓடித் திரிகிறாள் என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். றோட்டில் என்றுகூடப் பொய் சொன்னேன், அவள் ஓடியது வாய்க்கால் கட்டில். நீ அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாய், இனி ஓடினால் போன் எடுக்கமாட்டன் என்றாய். இதுதான் உனக்குத் தெரிந்த பிழை.

அவள் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துக் கடதாசியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். ஆனால் பழகின உடம்பு நாலரைக்கு எழும்பிவிடும். எழும்பிக் குசினிக் கதிரையில் சும்மா இருப்பாள். தேத்தண்ணி கூடப் போடமாட்டாள், கையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி இருப்பாள். என்னோடு சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் வழக்கம்போல "மாமி, சாப்பிட வாங்கோ" என்றாள். பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் அலுமாரிக்கு மேலே எட்டி அந்தச் சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்தேன். "நாளைக்குப் போ பிள்ளை, நாயளுக்குக் காவலா நான் சைக்கிளில பின்னால வாறன்" என்றேன். அவளுடைய முகம் ஒரு தரம் விரிந்து திரும்பச் சுருங்கியது. "அவர்?" என்று மட்டும் கேட்டாள். "அவனுக்கு நான் சொல்லுறன்" என்றேன். உடனே நம்பிவிட்டாள்.

நான் சொல்லவில்லை. இதுதான் மற்றப் பிழை. ஒவ்வொரு முறை நீ எடுக்கும்போதும் சொல்ல வாய் உன்னும், நீ வேலைக்களைப்போடு கதைப்பாய், நாளைக்குச் சொல்வோம் என்று விட்டுவிடுவேன். இடையில் அவள் ஒருநாள் "சொன்னனீங்களே மாமி?" என்று கேட்டாள், "ஓம் ஓம், ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். அதிலும் பொய் இல்லைத்தான், நான் சொல்லாததால் நீயும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பார். அதைவிட அவர் வாயால் ஏசியிருக்கலாம்.

ஆனால் மகன், இந்த இரண்டு மாதமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எப்படி எழுதுவேன். முன்னால் அவள் ஓட, பின்னால் நான் சைக்கிளில், தண்ணீர்ப் போத்தலும் நாய்க்குத் தடியும் கூடையில். கொக்குகள் வயலில் வந்து இறங்குவதை இத்தனை வருடம் இங்கே இருந்தும் நான் நின்று பார்த்ததில்லை. முதல் வாரம் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவள் திரும்பிப் பார்த்து "மாமி, களைச்சுப் போனியளோ, நிப்பமே?" என்பாள். ஓடுகிறவள் அவள், களைப்பது நான்.

ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்குப் பரந்தன் சந்தியில் தொடக்கம். பூநகரி றோட்டில் பத்தரைக் கிலோமீற்றர் போய்த் திரும்பி வர வேண்டும். தொண்ணூறு பேர் அளவில், பதினான்கு பெண்கள், பலர் யாழ்ப்பாணத்துப் பெட்டைகள். அவளுக்குக் கொடுத்த நீலச் சட்டை உன் அளவு, முழங்கால்வரை தொங்கியது. நம்பர் 117, நான்தான் பின் குத்திவிட்டேன், அவசரத்தில் ஒரு தரம் அவளுக்கே குத்திவிட்டது. அவர்கள் போனபிறகு அப்பா, நான், தேனுகா மூவரும் பழனியாண்டியின் ஓட்டோவில் ஏறி ஐந்து கிலோமீற்றர் தள்ளி ஒரு மதகடியில் போய் நின்றோம். மதகில் நிற்கும்போதே வெளிச்சம் வந்தது, அவளும் வந்தாள், சிரித்துக்கொண்டு போனாள், காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பழனியாண்டி, "தங்கச்சி பறக்குதும்மா!" என்று ஹோனை அடித்தான். நெல்லுக் காவலுக்கு நின்றவர்கள் எல்லாம் எழும்பிக் கை தட்டினார்கள். சங்கக்கடையில் என்னைக் கேட்டவளும் அதில் நின்றாள், அவளுடைய கைதட்டல்தான் எல்லாவற்றிலும் பெரிது.

திரும்பி வர ஏழரை ஆகிவிட்டது. கிழக்கே முகம் வைத்து வர வேண்டும், வெயில் நேரே கண்ணில். தூரத்தில் நீலச் சட்டை தெரிந்தது, ஆனால் ஒரு பக்கம் சரிந்து வந்தது. மதகடிக்கு வந்ததும் நிலத்தில் இருந்துவிட்டாள். கெண்டைக்கால் கல்லுப்போல இறுகிக் கிடந்தது. அப்பா காலைப் பிடித்துவிட, நான் தண்ணீர் ஊற்ற, தேனுகா அழத் தொடங்கிவிட்டாள். "ஏலாது போல கிடக்கு மாமி" என்றாள். இன்னும் ஐந்து கிலோமீற்றர் கிடந்தது. "ஏலாட்டி விடு பிள்ளை, ஓட்டோ நிக்குது, ஏறு, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அவர் மனதோட ஓம் எண்டவரோ மாமி? இல்லாட்டி உங்களுக்காகச் சொன்னவரோ? எனக்கு வழி நெடுக அதுதான் ஓடுது" என்றாள்.

அதற்குமேல் என்னால் ஏலவில்லை. அந்த நடு றோட்டில், அப்பாவுக்கும் பழனியாண்டிக்கும் முன்னால், சொல்லிவிட்டேன். "நான் அவனுக்குச் சொல்லவே இல்லைப் பிள்ளை. முதல் மூட்டி விட்டதும் நான்தான்" என்றேன். அவள் குனிந்து கெண்டைக்காலை ஒரு தரம் தடவினாள். பிறகு, "மூட்டினது எனக்கு அண்டைக்கே தெரியும் மாமி. சொல்லாதது இப்பதான் தெரியும்" என்றாள். கையை நீட்டி, "அந்தத் தண்ணியத் தாங்கோ" என்றாள். மீதித் தண்ணீரைக் குடித்து, போத்தலை என் கையில் வைத்துவிட்டு, எழும்பி இரண்டு அடி நொண்டி, மூன்றாவது அடியில் ஓடிவிட்டாள். கோபத்தில் ஓடினாளோ, கால் சுகமாகி ஓடினாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா என்னைப் பார்த்து, "இதை முதலே சொல்லியிருந்தா இன்னும் வேகமா ஓடியிருப்பாள்" என்றார்.

ஓட்டோவில் முன்னுக்கு வந்து சந்தியில் காத்துநின்றோம். ஒவ்வொருவராக வர ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். திடீரென்று, "இதோ நூற்றுப் பதினேழு, கஜேந்திரன், கஜேந்திரன் வந்துகொண்டிருக்கிறார்!" என்று கேட்டது. சனம் ஆம்பிளையைத் தேட, தொங்கல் சட்டையோடு உன் மனைவி வந்தாள். தேனுகா பல்லில்லாத வாயால், "கஜேந்திரன் இல்லை, அது எங்கட அம்மா!" என்று கத்தினாள் பார், சந்தி முழுக்கச் சிரித்தது, கஜேந்தினியும் சிரித்துக்கொண்டேதான் கோட்டைத் தாண்டினாள். இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம். பெண்களில் ஒன்பதாவது. மதகில் இருந்திராவிட்டால் எட்டாவதாகியிருக்கும் என்கிறாள். வேப்பமரத்தடியில் மல்லாக்கப் படுத்து, காலை மதிலில் தூக்கிப் போட்டுக்கொண்டு மூன்று பணிஸ் சாப்பிட்டாள். பதக்கம் கழுத்தில் கிடக்க, கண்ணை மூடிக்கொண்டு தனக்குள்ளே சிரித்தாள். பத்து வருடமாக அவளை எனக்குத் தெரியும், அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். திங்கள் பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, "இனி அவருக்கு நீங்கள்தான் சொல்லவேணும் மாமி, முழுக்கச் சொல்லவேணும்" என்றாள். முழுக்கச் சொல்லிவிட்டேன் மகன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், உன்னிடமும் கேட்கிறேன். கோபத்தை என் பக்கம் திருப்பு. அவள் போனை முன்பள்ளிக்கும் கொண்டுபோய், குசினிக்கும் கொண்டுவந்து, தட்டுக் கழுவும்போதும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க ஏலவில்லை.

சனிக்கிழமை காலை.

இதை மடித்து வைத்திருந்தேன், நேற்றுப் பின்னேரம் நீ போன் எடுத்தாய். என்னைக் கேட்காமல் நேரே அவளைக் கேட்டாய் என்று தேனுகா ஓடிவந்து சொன்னாள். கஜேந்தினி போனோடு மாமரத்தடிக்குப் போனாள், நாங்கள் குசினிக்குள் மூச்சு விடாமல் நின்றோம், அப்பா வானொலியையும் நிறுத்திவிட்டார். பிறகு அவள் சிரிப்பது கேட்டது. முக்கால் மணித்தியாலம் கதைத்தாள், காலைத் தூக்கிக் காட்டிக்கூடக் கதைத்தாள். உள்ளே வந்ததும், என்ன சொன்னவன் என்று கேட்டேன். "முதல் ஒரே ஒண்டுதான் கேட்டவர் மாமி. 'கால் நோகுதோ?' எண்டு கேட்டவர்" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று அடுப்பைப் பார்த்தாள். எனக்கு அதுவே போதும் மகன்.

என்றாலும் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நான் செய்ததை நீ என் எழுத்தில் அறிய வேண்டும். இனி உங்கள் இருவருக்கும் இடையில் கதை கொண்டுபோகிற வேலையை நான் விட்டுவிட்டேன். வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடி, உருண்டையைச் சஜீவனோடு பகிர்ந்து சாப்பிடு, அவனுக்கு வழியில் ஒன்று கொடுத்திருக்கிறேன், இரண்டு என்று சொன்னால் நம்பாதே. அம்மாள் உன்னை நோய் நொடி அண்டாமல் பார்த்துக்கொள்வாள். நீ நல்லாயிருந்து, உழைத்த கையோடும் சிரித்த முகத்தோடும் வீடு வந்து சேர வேண்டும். அடுத்த லீவை மறக்காமல் மாசியில் கேள். தயாபரன் மாஸ்டர் அடுத்த வருடப் போட்டிக்குப் பெயர் பதியத் தொடங்கிவிட்டார், உன் மனைவியின் பெயர் முதலாவது, இந்த முறை எழுத்தைச் சரியாகப் போட்டார்களா என்று நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன்மேல் உயிரான அம்மா,
யோ. விமலேஸ்வரி