கிரேஹவுண்ட் யார் ஊர் நாய், பாய்?

பாய், இன்று காலை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் நனைந்த நாய் வாசம் அடித்தது. ஹேவ்லாக் தீவுக் கப்பலிலிருந்து இறங்கிய ஒரு குடும்பத்தின் கையில் அசல் கிரேஹவுண்ட்! நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, மழையில் நடுங்கும் தொடை. டிக்கெட் கவுன்ட்டர் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எந்த ஊர் நாய் என்று இருபது வருஷம் நாம் சண்டை போட்ட பிராணியை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். பார்க்க நீங்கள் இல்லை.

அபர்டீன் பஜாரில் உங்கள் துணிக்கடை வாசலில் தொடங்கிய வழக்கு அது. மெயின்லேண்டிலிருந்து நான் கொண்டுவந்த சிப்பிப்பாறை நாய்க்குட்டியைப் பார்த்து, "அரபு வேட்டைநாய் வம்சம்பா இது. வெள்ளைக்காரனோட கிரேஹவுண்டும் அங்கேருந்து போனதுதான்" என்றீர்கள். எகிப்துக் கல்லறைச் சுவரில் வரைந்திருக்கும் ஒல்லி நாய்களைச் சாட்சிக்கு இழுத்தீர்கள். நான் சும்மா இருப்பேனா? எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து நாய்தான் முத்து வாங்க வந்த கப்பலில் ஏறி அரபு தேசம் போனது என்றேன். ஆதாரம் என்று இருவரிடமும் ஒன்றும் கிடையாது.

சௌல்தாரி வயலில் என் சிப்பிப்பாறையை ஓடவிட்ட நாள் நினைவிருக்கிறதா? கொக்கை விரட்டும் என்று பார்த்தால், யாருடைய ஆடுகளையோ வளைத்து ஒரு மூலையில் சேர்த்து நிறுத்தியது. ஆட்டுக்காரி, "அரே, பக்டோ இஸ்கோ!" என்று, நாயைப் பிடிக்கச் சொல்லி இந்தியில் கத்தினாள். நீங்கள் அசரவேயில்லை. "ஆட்டைப் பார்த்ததும் பாலைவன ஞாபகம் வந்திருச்சு" என்றீர்கள். சிரித்துச் சிரித்துச் சேற்றில் விழுந்தது நான்தான்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் மெலிந்து கிடந்தபோது மனசு கேட்காமல், "சரி பாய், அரபு நாடுதான்" என்றேன். உங்களுக்கு வந்த கோபம்! "ஹார் மான் லியா க்யா? நான் போயிருவேன்னு முடிவு பண்ணித்தானே தோத்துக் குடுக்குறே? வாபஸ் வாங்குப்பா!" வாங்கினேன். உடனே முகம் தெளிந்து சாயா கேட்டீர்கள்.

இன்று ஜெட்டியில் அந்தக் கிரேஹவுண்டைப் பிடித்திருந்த பெண் சொன்னாள்: "எகிப்தும் இல்ல, அரேபியாவும் இல்ல அங்கிள். டி.என்.ஏ. பார்த்தா, ஐரோப்பாவுல ஆடு மேய்க்கிற நாய்ங்களுக்குத்தான் நெருக்கமாம்." பிரபுக்கள் வேட்டைக்கு வளர்த்த நாய், கடைசியில் ஆட்டுக்கிடைச் சொந்தம்! வாய்விட்டுச் சிரித்தேன். உங்களிடம் சொல்லக் கடைப் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்த பிறகுதான் நீங்கள் இல்லாதது உறைத்தது. அழுகையும் வந்தது.

"அந்த ஆட்டை ஐரோப்பாவுக்கு ஓட்டிட்டுப் போனவன் யாரு? அரபுக்காரன்தானே" என்று சொல்லியிருப்பீர்கள். இப்போதெல்லாம் வேலை முடிந்து நடக்கும்போது இரண்டு பேர் பேச்சையும் நானே பேசுகிறேன். உங்கள் கட்சியை உங்களைவிட நன்றாகவே வாதாடுகிறேன். ஆனாலும் பாய், நீங்கள் சொன்னது தப்புதான். இனி ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.